வெள்ளைத் துணிக் கிடங்குக்கு டீசல் ஃபோர்க்லிஃப்ட்டா, பேட்டரி ஃபோர்க்லிஃப்ட்டா?

திருப்பூர்க் கிடங்கு:
ஏற்றுமதிப் பின்னலாடைக் கிடங்கில் மேலாளராக இருக்கிறேன். சரக்கைத் தூக்கி நகர்த்தும் எங்கள் டீசல் ஃபோர்க்லிஃப்ட்டின் புகைக்கரி, வெளுத்த துணி ரோல்களின் ஓரத்தில் படிகிறது. தரப் பரிசோதகர் கண்ணில் பட்டால் ரோலையே ஒதுக்கிவிடுகிறார். பேட்டரி வண்டி வாங்கலாம் என்றால் முதலாளி மின்தடையைச் சொல்லி மறுக்கிறார். பெரும்பாலும் ஒரு ஷிப்ட்தான்; சரக்கு அனுப்பும் வாரத்தில் மட்டும் இரவும் ஓடும். முற்றத்தில் பாதி ஜல்லி.

பேட்டரிக்காரன்:
தம்பி, மூடிய கிடங்குக்குள் டீசல் வண்டியே கூடாது என்பேன். துணியில் படிந்த கரி கண்ணுக்குத் தெரிகிறது, ஓட்டுநரின் நெஞ்சில் படிவது தெரிவதில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

மின்தடைக்குப் பயப்பட வேண்டாம். பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும்; நீங்கள் சார்ஜ் போடுவது இரவில்.

ஈய அமில பேட்டரியா, லிதியமா என்பதில்தான் யோசிக்க வேண்டும். ஈய அமிலம் விலை குறைவு. ஆனால் சார்ஜ் ஏற ஏறக்குறைய 8 மணி நேரம், அதன்பின் ஆறவும் விட வேண்டும். இரவு ஷிப்ட் வந்தால் மாற்று பேட்டரி தேவை. ஒரு டன் கனத்தைக் கையால் மாற்ற முடியுமா? லிதியத்துக்குத் தேநீர் இடைவேளையிலும் சார்ஜ் போடலாம்.

இன்னொன்று: ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். பஞ்சு பறக்கும் உங்கள் கிடங்கின் மூலையில் சார்ஜரை வைத்துவிடாதீர்கள். காற்றோட்டமான தனி அறை வேண்டும்.

ஓசூர் கல்பட்டறை:
ஜல்லியையும் மழைச்சேற்றையும் மறந்துவிட்டீர்களே! கிடங்குக்குள் ஓடும் பேட்டரி வண்டிகள் பலவற்றுக்குச் சக்கரம் சிறியது, அடிப்பாகம் தாழ்வு. பழைய டீசல் வண்டியை விற்காமல் முற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்க் கிடங்கு:
நல்ல யோசனை. ஈய அமில பேட்டரியோடு பழைய வண்டி ஒன்று மலிவாக வருகிறது அண்ணா. பின்னால் லிதியம் மாற்றிக்கொள்ளலாமா?

பேட்டரிக்காரன்:
அப்படியே மாற்றக் கூடாது. முன்னால் தூக்கும் சுமைக்குப் பின்னால் எதிர்எடையாக இருப்பதில் பேட்டரியும் சேர்த்தி. லிதியம் கனம் குறைவு. குறைந்த எடைக்கு ஈடாக இரும்புக்கட்டி வைக்காவிட்டால் வண்டி முன்பக்கம் கவிழும். வண்டியில் பொருத்தியிருக்கும் விவரத் தகட்டில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை இருக்கும், அதைப் பாருங்கள்.

அந்தப் பழைய பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யச் சொல்லி, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரோடு போங்கள். ஒவ்வொரு செல்லும் 1.28க்கு அருகில் காட்ட வேண்டும். ஓரிரு செல் மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.