சில்லறைத் திருட்டு: பத்தாவது முறை பிடிபட்டவரை என்ன செய்வது?

தராசு:
ஆயுதம் இல்லை, அடிதடி இல்லை. கடையில் ஒரு பொருள், கூட்டத்தில் ஒரு பணப்பை, வாசலில் நிறுத்திய ஒரு சைக்கிள். திருடியவர் பிடிபடுகிறார், எச்சரித்து அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் அதே ஆள், அதே வேலை. முதல் முறை மன்னித்துவிடலாம் என்பதில் இங்கே பலருக்கும் மறுப்பு இருக்காது. பத்தாவது முறை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருடிய பொருளின் விலையை மட்டும் பார்த்துத் தண்டனையை முடிவு செய்யக் கூடாது. ஆளின் பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். 1945-இல் பிறந்து அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வளர்ந்த ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்பிள்ளைகளின் போலீஸ் பதிவுகளை ஆராய்ந்து 1972-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 6 சதவீதம் பேர் ஐந்து முறையோ அதற்கு மேலோ சிக்கியவர்கள். மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் அவர்கள் கணக்கில்தான் இருந்தன. அந்தச் சிலரைச் சரியாகக் கவனித்தாலே திருட்டு பெருமளவு குறையும் என்பது என் நம்பிக்கை.

அகல்:
பழைய கணக்கைப் பார்க்கும் சட்டம் எங்கே போய் முடிந்தது என்று கலிபோர்னியாவைப் பாருங்கள். 1994-இல் 'மூன்றாவது முறை' சட்டம் வந்தது. முன்பு இரண்டு கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றத்தில் சிக்கினாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடி அந்தத் தண்டனை பெற்றார். இன்னொருவர் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ கேசட்டுகள் திருடினார். மொத்த மதிப்பு சுமார் 150 டாலர். சில்லறைத் திருட்டுதான். ஆனால் பழைய கணக்கு இருந்ததால் அதைப் பெருங்குற்றமாக மாற்றி, இரண்டு தனிக் குற்றங்களாக எண்ணினார்கள். தண்டனை 50 ஆண்டு முதல் ஆயுள் வரை! 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லும் என்றது. கடைசியில் 2012-இல் மக்களே வாக்களித்து அந்தச் சட்டத்தைத் தளர்த்த வேண்டியிருந்தது.

பிலடெல்பியா ஆய்வு பற்றியும் ஒன்று. அந்த 6 சதவீதம் யார் என்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகு தெரிந்தது. இரண்டாவது முறை பிடிபட்டு நிற்கும் ஒருவரைப் பார்த்து, இவர் ஐந்தாவது முறையும் வருவாரா, இதோடு நிறுத்திவிடுவாரா என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது. தவிர, அந்தப் பதிவுகள் போலீஸிடம் சிக்கியதைக் காட்டுபவை, நீதிமன்றத்தில் நிரூபணமானதை அல்ல. யாரைப் போலீஸ் அடிக்கடி நிறுத்திக் கேட்கிறதோ அவருடைய பதிவுதான் நீளும்.

கருவேலம்:
நான் கடை நடத்துகிறேன். உங்கள் இருவரின் பேச்சிலும் என்னைப் போன்றவர்கள் எங்கே இருக்கிறோம் என்று தேடிப் பார்த்தேன்.

"சின்னப் பொருள்தானே" என்று சொல்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறுக்கு விற்றால் கையில் நிற்பது ஐந்து என்று வையுங்கள். நூறு மதிப்புள்ள ஒரு பொருள் களவு போனால், போட்ட தொண்ணூற்றைந்தை மீட்கவே அதே போல இன்னும் பத்தொன்பது பொருள் விற்க வேண்டும். அதாவது பத்தொன்பது வாடிக்கையாளருக்கு நான் சும்மா உழைக்கிறேன். சிறிய கடைக்குத்தான் இந்த அடி அதிகம். பெரிய நிறுவனம் நஷ்டத்தை விலையில் ஏற்றிவிடும், கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடும். நான் விலையை ஏற்றினால் ஆள் வரமாட்டார்கள்.

என்னை அதிகம் வருத்துவது நஷ்டம்கூட இல்லை. அந்த ஆளின் முகம் எனக்குத் தெரியும், கேமராவிலும் இருக்கிறது. புகார் கொடுத்தால், "மதிப்பு ரொம்பக் குறைவு, பார்க்கலாம்" என்கிறார்கள். அவர் மறுபடி உள்ளே வந்து, நான் பார்ப்பது தெரிந்தே எடுத்துக்கொண்டு போகிறார். கல்லாவில் நிற்கும் பெண் பயந்து வேலையை விட்டுவிட்டாள். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

அகல்:
கருவேலம் ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். அங்கே குறைந்திருப்பது தண்டனையின் கடுமையா? ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதானே குறை! இத்தாலியர் பெக்காரியா 1764-இலேயே எழுதியது இதைத்தான்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடூரத்தை விட, அது தப்பாமல் வரும் என்ற உறுதி. குற்றவியல் ஆய்வுகள் பெரும்பாலும் இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன.

கடுமையை ஏற்றினால் உறுதி குறைந்தும் போகும். 1699-இல் இங்கிலாந்தில், கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்று சட்டம் செய்தார்கள். விளைவு? ஒரு துணிக்காக ஓர் உயிரை எடுக்க ஜூரிகளுக்கு மனம் வரவில்லை. ஐந்து ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கூடத் தெரிந்தே குறைத்து, நாலு ஷில்லிங் சொச்சம் என்று தீர்ப்பு எழுதினார்கள். ஜேப்படிக்கும் தூக்கு இருந்தது. 1808-இல் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ரோமில்லி அதை நீக்க வைத்தார். தண்டனை நியாயமாக இருந்தால்தான் சாட்சி சொல்லவும் ஆள் வரும், தீர்ப்பு எழுதவும் கை வரும் என்பது அவர் வாதங்களில் ஒன்று.

தராசு:
தூக்கும் வேண்டாம், 50 ஆண்டும் வேண்டாம். நான் அதைக் கேட்கவே இல்லை. மிக மோசமான உதாரணத்தைக் காட்டி நடுவில் இருக்கும் வழியையும் அடைத்துவிடாதீர்கள்.

நெதர்லாந்தில் 2001-இல் ஒரு சட்டம் வந்தது. போதைக்கு அடிமையாகித் திரும்பத் திரும்பத் திருடுகிறவர்களுக்கு, வழக்கமான இரண்டு மாதத்துக்குப் பதிலாக இரண்டு ஆண்டு வரை தடுப்பு. 2004-இல் அதை விரிவாக்கினார்கள். வெவ்வேறு நகரங்கள் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு அளவில் இதைப் பயன்படுத்தியதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பொருளியலாளர் பென் வொல்லார்ட் ஆராய்ந்து, திருட்டு வெகுவாகக் குறைந்தது என்று எழுதினார். ஆயுள் முழுக்க அடைக்கவில்லை. இரண்டே ஆண்டு, அதுவும் எல்லோருக்கும் இல்லை, தொடர்ந்து அதையே செய்யும் சிலருக்கு. இது கொடுமையா?

அகல்:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள், தராசு. பட்டியலில் ஆட்களைச் சேர்க்கச் சேர்க்கப் பலன் வேகமாகச் சரிந்தது. முதலில் அடைத்தவர்கள் உண்மையிலேயே ஓயாமல் திருடியவர்கள். பட்டியலை நீட்டிய நகரங்களில், அவ்வளவு அதிகம் திருடாதவரும் உள்ளே போனார், திருட்டோ அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரு சட்டம் கையில் கிடைத்தால் பட்டியல் நீளத்தான் செய்யும், எந்த அதிகாரியும் அதைச் சுருக்குவதில்லை. என் பயமே அங்கேதான்.

நீலவானம்:
நான் நன்னடத்தைக் கண்காணிப்பு வேலையில் பல வருடம் இருந்தவள். சட்டம் பற்றிப் பேசுகிறீர்கள், ஆளைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

திரும்பத் திரும்ப வந்தவர்களில் நான் பார்த்த பலர் பணத்துக்காகத் திட்டம் போட்டுத் திருடியவர்கள் இல்லை. போதை அல்லது குடி, தங்க இடமின்மை, மனநோய். இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தே இருக்கும். அவருக்கு அபராதம் போடுகிறோம். கட்டப் பணம் இல்லை. கட்டாததற்கு வாரண்ட். அபராதம் கட்டவே மறுபடி திருடியவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் உள்ளே வைக்கிறோம். வாடகை அறை போகிறது, இருந்த கூலி வேலை போகிறது, மருந்து நிற்கிறது. வெளியே வரும்போது உள்ளே போனதை விட மோசமான நிலையில் வருகிறார். திருத்துவதற்குப் போதாத காலம், வாழ்க்கையைக் குலைப்பதற்குப் போதுமான காலம். குறுகிய சிறைவாசத்தை நான் இதனால்தான் எதிர்க்கிறேன்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1994-இல், வேறு சிகிச்சை பலிக்காத ஹெராயின் அடிமைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் அந்த மருந்தையே கொடுக்க ஆரம்பித்தார்கள். ஊரே கொதித்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்களிடையே திருட்டு பெரிதும் குறைந்தது. ஒரு நாள் மருந்துக்காகத் திருடுகிறவருக்கு மருந்து கிடைத்துவிட்டால் திருட வேண்டிய அவசரம் இல்லை.

கருவேலம்:
அம்மா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் என் கடைக்கு வரும் ஆளுக்குப் போதை கிடையாது. எடுத்ததைப் பாதி விலைக்கு விற்கிறார், யாரிடம் விற்கிறார் என்றுகூடத் தெரியும். கூட்டாக வருகிறார்கள். ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் பையை நிரப்புகிறார். எல்லாத் திருடரையும் நோயாளி ஆக்கிவிட்டால் இவர்களை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது?

நீலவானம்:
நியாயமான கேள்வி. கூட்டாக வந்து விற்பனைக்காக எடுப்பவரையும் போதைக்காக எடுப்பவரையும் ஒரே சட்டத்தில் அடைக்கக் கூடாது. முதல் வகையில் வாங்குகிறவரைப் பிடிக்காமல் எடுக்கிறவரை மட்டும் பிடிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம். அந்த வழக்குகள் எத்தனை நடக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

கருவேலம்:
அதை ஒப்புக்கொள்கிறேன். பிடிக்கட்டும், இருவரையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டம் கைவிட்டது என்று மக்கள் நினைத்தால் கையை ஓங்குவார்கள். பிடிபட்டவரைக் கம்பத்தில் கட்டி அடிப்பதும், அதை வீடியோ எடுத்துப் பரப்புவதும் எதனால் நடக்கிறது? என் கடையில் அப்படி நடக்க நான் விடமாட்டேன். ஒரு பொருளுக்காக ஓர் ஆள் அடிபட்டுச் செத்தால் அதை விடப் பெரிய பாவம் இல்லை. ஆனால் "விடு, விடு" என்று சொல்கிறவர்கள் அந்தக் கூட்டத்தின் கோபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

யாழிசை:
படித்துக்கொண்டே வந்தேன். முதல் முறை சிக்குபவர் பற்றி ஒரு தகவல். அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் அடங்கிய சஃபோக் கவுண்டியில், வன்முறை இல்லாத சிறு குற்ற வழக்குகளை மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ஒரே மாதிரி வழக்கு, ஒரு அரசு வழக்கறிஞர் தொடர்வார், இன்னொருவர் கைவிடுவார். இரண்டு பக்கமும் போகக்கூடிய வழக்குகளில் கைவிடப்பட்டவர்கள், அடுத்த இரண்டு ஆண்டுக்குள் புதிய வழக்கில் சிக்கும் வாய்ப்பு 53 சதவீதம் குறைவு. பழைய பதிவே இல்லாதவர்களிடம்தான் இந்தப் பலன் மிக அதிகம். குற்றப் பதிவு ஒன்று விழுந்தாலே வேலை தேடுவது கடினமாகிவிடும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

தராசு:
இது என் வாதத்துக்கும் உதவுகிறது, யாழிசை. பலன் முதல் முறை வருபவரிடம் அதிகம் என்றால், பத்தாவது முறை வருபவரிடம் அதே சலுகை அந்த அளவு வேலை செய்யாது என்றுதானே பொருள்? இருவருக்கும் ஒரே மருந்து என்பது இங்கேயும் பொருந்தவில்லை. கலிபோர்னியாவும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. 2014-இல் 950 டாலருக்கு உட்பட்ட திருட்டைச் சிறு குற்றம் ஆக்கினார்கள். 2024-இல் அதே மக்கள் மறுபடி வாக்களித்து, ஏற்கெனவே இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் என்றால் தொகை எதுவானாலும் பெருங்குற்றமாக வழக்குப் போடலாம் என்று மாற்றினார்கள்.

அகல்:
மக்கள் வாக்களித்தது சரியான வழி என்பதற்குச் சான்று ஆகாது. 1994-இல் அந்த 'மூன்றாவது முறை' சட்டத்துக்கும் வாக்களித்தார்கள்.

'தொடர் குற்றவாளி' என்ற முத்திரை பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரான்சில் 1885-இல் ஒரு சட்டம் செய்தார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தண்டனை பெற்ற சில்லறைத் திருடர்களையும் நாடோடிகளையும் ஆயுள் முழுக்கக் கடல் கடந்து பிரெஞ்சு கயானாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் அனுப்பினார்கள். சமூகத்துக்குத் தொல்லை, கண்ணில் படாமல் போகட்டும் என்பதுதான் நோக்கம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம். அங்கே பிறப்பே குற்றப் பதிவு ஆனது. பட்டியலிட்ட சமூகத்தில் பிறந்தாலே சந்தேகத்துக்கு உரியவர். 1952-இல் அது நீங்கியது, ஆனால் பல மாநிலங்களில் அதன் இடத்துக்கு வந்தவை 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள். பெயர் மாறியது, தேடி வரும் போலீஸ் மாறவில்லை.

கருவேலம்:
பிறப்பை வைத்து முத்திரை குத்தியது மாபெரும் அநியாயம். யாரும் அதை ஆதரித்துப் பேச முடியாது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒருவர் செய்தது நீதிமன்றத்தில் நிரூபணமாகி, மேல்முறையீட்டுக்கும் வழி இருந்து, அப்புறமும் அதையே செய்தால், அது அவர் செய்கை. அதைக் கணக்கில் எடுப்பது முத்திரை ஆகாது.

நீலவானம்:
கருவேலம் சொன்ன வேறுபாடு சரி. அதையே நிபந்தனையாக வைத்தால் நானும் கொஞ்சம் நகர்ந்து வருகிறேன். கைது எண்ணிக்கை கணக்கில் வரக் கூடாது, நிரூபணமான குற்றம் மட்டும் வரட்டும். கணக்குக்குக் காலவரம்பு இருக்கட்டும். பதினெட்டு வயதில் திருடியதை நாற்பது வயதில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வயது கூடக் கூடப் பெரும்பாலோர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள், இது நாடு நாடாகப் பார்த்த உண்மை. நீண்ட தண்டனை என்பது பல நேரம், எப்படியும் நிறுத்தியிருக்கப் போகிறவரை அரசு செலவில் அடைத்து வைப்பது.

உள்ளே வைக்கும் காலத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் 2005-இல் 30 மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று ஆண்டுக்குள் 68 சதவீதம் பேர் மறுபடி கைதானார்கள். ஒன்பது ஆண்டில் 83 சதவீதம். அடைப்பது மட்டும் போதும் என்கிறவர்கள் இந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசட்டும்.

தராசு:
காலவரம்பு, நிரூபணம் இரண்டுக்கும் சம்மதம். ஐந்து ஆண்டுக்குள் நிரூபணமான திருட்டு ஐந்து என்று வையுங்கள். ஆறாவதில், உச்சவரம்பு இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டில் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் கட்டாயம், இருப்பிடம் ஏற்பாடு செய்யாமல் வெளியே அனுப்பக் கூடாது.

அகல்:
முதல் ஐந்து முறையும் என்ன நடக்கும் என்பதை எழுதாமல் ஆறாவதை மட்டும் எழுதுகிறீர்கள். முதல் முறையிலேயே சில நாளுக்குள் நடவடிக்கை, பொருளுக்கு ஈடு, தேவைப்பட்டால் சிகிச்சை என்று இருந்தால் ஆறாவது முறை பாதிப் பேருக்கு வராது. பணம் அந்த முன்பகுதிக்குப் போகும் என்று உறுதி கொடுங்கள், அப்புறம் உங்கள் இரண்டு ஆண்டு பற்றிப் பேசலாம். அதுவரை என் எதிர்ப்பு நிற்கிறது.

கருவேலம்:
ஈடு கட்டச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. பணம் இல்லாதவர் வேலை செய்து கழிக்கட்டும், நேரில் வந்து மன்னிப்புக் கேட்கவும் செய்யட்டும். ஆனால் "சில நாளுக்குள்" என்று எழுதினீர்களே, அதை அப்படியே சட்டத்தில் போடச் சொல்லுங்கள். நான் கொடுத்த புகார் இன்னும் விசாரணைக்கே வரவில்லை.