மறுமொழி: டயாபிடிஸ் இன்சிபிடஸுக்குத் தமிழ்ப் பெயர்

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

சர்க்கரையோடு தொடர்பில்லாமல் சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் நோயான டயாபிடிஸ் இன்சிபிடஸுக்கு, நோயாளிகளுக்கான கையேட்டில் என்ன தமிழ்ப் பெயர் எழுதலாம் என்ற கேள்விக்கு வந்த விடைகளைப் பார்த்தேன். சேலத்து ஐயா முன்வைத்த ‘சுவையற்ற நீரிழிவு’, யாழ்ப்பாணத்து அன்பர் எடுத்துக்காட்டிய ‘வெல்லமில்லா நீரிழிவு’, பொள்ளாச்சி மருத்துவர் அம்மா தற்காலிகமாக எழுதிவரும் ‘இன்சிபிடஸ் நீரிழிவு’ ஆகிய மூன்றையும் படித்தேன். மூன்றிலும் பொதுவாக நிற்பது ‘நீரிழிவு’. என் மறுப்பு அந்த ஒரு சொல்லின் மீதுதான்.

வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் ‘நீரிழிவு’ இந்த நோய்க்கே மிகப் பொருந்தும். இழிதல் என்றால் கீழிறங்குதல். குடித்த நீரெல்லாம் தங்காமல் இறங்கிப் போவதுதான் இங்கே நோயின் முழு வடிவம். சிறுநீரின் இனிப்பை ஆங்கில மருத்துவர் தாமசு வில்லிசு 17ஆம் நூற்றாண்டில் குறித்துவைத்த பிறகே, இனிக்கும் நீருடையது ஒன்று, இனிக்காத நீருடையது வேறொன்று என்று ஐரோப்பிய மருத்துவர்கள் படிப்படியாகப் பிரித்தார்கள். ‘இன்சிபிடஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குச் சுவையற்றது என்பதே பொருள். ஆனால் தமிழ் வழக்கு ‘நீரிழிவு’ என்ற சொல்லைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துவிட்டது. அதை இனித் திரும்ப வாங்க இயலாது. சுவையைக் கொண்டு பெயரிடுவது, சிறுநீரை நாவில் வைத்துப் பார்த்த காலத்தின் முறை. அதை நாம் இன்று மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

‘வெல்லமில்லா’ என்ற அடை ஈழத்துப் பாடநூல் மரபில் குற்றமற்றது. அங்கே வேதியியலில் வெல்லம் என்பது சர்க்கரை வகைகளின் பொதுப்பெயர். எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் அது சித்தோட்டுச் சந்தையில் மூட்டை மூட்டையாக விலைபோகும் பொருள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடியிலிருந்து நாட்டுச்சர்க்கரை போகும் இந்த ஊர்களில், ‘வெல்லமில்லா நீரிழிவு’ என்று எழுதிக் கொடுத்த சீட்டை நோயாளி எப்படிப் படிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வெல்லத்தை விடச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். ‘எனக்குச் சக்கரை இல்லைன்னுதானுங்க டாக்டர் சொன்னாரு, அப்புறம் எதுக்குங்க நீரிழிவுன்னு எழுதியிருக்கு?’ என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இது நோயாளியின் மனக்குழப்பத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆங்கிலப் பெயரின் முதற்பாதியை மட்டும் பார்த்துவிட்டு, சர்க்கரை அளவைச் சோதித்துக்கொண்டே, கொடுக்க வேண்டிய மருந்தான டெஸ்மோபிரெசினைக் கொடுக்காமல் விட்ட நேர்வுகள் மேலைநாட்டு மருத்துவமனைகளிலேயே நடந்துள்ளன, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. அதனால்தான் பல நாட்டு அகச்சுரப்பியியல் சங்கங்கள் சேர்ந்து 2022இல் பழைய பெயரைக் கைவிடப் பரிந்துரைத்து, ‘ஆர்ஜினின் வாசோபிரெசின் குறைபாடு’, ‘ஆர்ஜினின் வாசோபிரெசினுக்கு எதிர்ப்பு’ என்று இரண்டு பெயர்களை முன்வைத்தன. ஆங்கிலமே ‘டயாபிடிஸ்’ என்ற சொல்லை விட்டு விலகும்போது, நாம் புதிதாக ஒரு நீரிழிவை உண்டாக்குவது பொருந்தாது.

புதிய பெயர்கள் நோயின் காரணத்தைச் சொல்கின்றன. தமிழிலும் அதையே செய்யலாம் என்பது என் எண்ணம். மூளையின் ஹைப்போதலாமசு என்ற பகுதியில் உருவாகி, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்மடலில் தேங்கியிருந்து, உடலில் நீர் குறையும்போது குருதியில் வெளியாகும் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோன்தான் ஆர்ஜினின் வாசோபிரெசின். சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்ச் செல்களில் உள்ள ஏற்பியில் இது வந்து சேர்ந்ததும், அக்குவாபோரின்-2 என்ற நீர்வழிப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. அதன் வழியே நீர் உடலுக்குள் திரும்புகிறது. தலையில் அடிபட்டதாலோ, பிட்யூட்டரிப் பகுதியில் கட்டி அல்லது அறுவை சிகிச்சையாலோ ஹார்மோன் வராமல் போவது ஒரு வகை. ஹார்மோன் வந்தும் சிறுநீரகம் அதன்படி நடவாமை மற்றொரு வகை. பெரியவர்களிடம் இதற்கு முதன்மையான காரணம், மனநோய்க்கு நெடுநாள் உட்கொள்ளும் லித்தியம். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தாரிடம் இதை விளக்குவது எளிது: மதகைத் திறக்க ஆளே வராதது ஒன்று, ஆள் வந்தும் மதகு அசையாதது இன்னொன்று. இரண்டிலும் சிறுநீர் நாளொன்றுக்கு 3 லிட்டரைத் தாண்டும். கடுமையானால் 15 லிட்டருக்கு மேலும் போகலாம். முதல் வகை டெஸ்மோபிரெசினுக்கு அடங்கும். இரண்டாவது வகை பெரும்பாலும் அடங்காது. இப்படி மருத்துவமே வேறுபடுவதால் பெயர்களும் தெளிவாக வேறுபட வேண்டும்.

இப்போது ஹார்மோனின் பெயருக்கு வருகிறேன். சேலத்து ஐயா ‘வாசோபிரெசின்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘குருதிக்குழல் நெருக்கி’ என்றார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மூலப்பெயரே ஒருபக்கப் பெயர். பிட்யூட்டரிச் சாறு குருதியழுத்தத்தை உயர்த்துவதை ஆலிவர், சேஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1895இல் கண்டார்கள். அதே பின்மடற் சாறு சிறுநீரைக் குறைப்பது 1913இல்தான் தெரியவந்தது. முதலில் தெரிந்த விளைவு பெயரில் ஏறிக்கொண்டது; இயல்பான அளவில் அது செய்யும் முதன்மையான வேலை நீரை மீட்பது. ஆகவே ‘நீர்மீட்பு ஹார்மோன்’ என்று முன்மொழிகிறேன். சிறுநீரகங்கள் நாள்தோறும் வடிகட்டும் ஏறத்தாழ 180 லிட்டரில் பெரும்பகுதி இந்த ஹார்மோன் இல்லாமலேயே மீள்கிறதே என்று மருத்துவர் அம்மா கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் கடைசியில் எவ்வளவு மீள்வது என்பதை உடலின் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது இதுவே. பெயருக்கு அந்த உரிமை போதும். மருந்துச் சீட்டிலும் ஆய்வகத் தாளிலும் ‘வாசோபிரெசின்’ அப்படியே இருக்கட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கவேண்டிய பெயரைத் தமிழாக்கி நோயாளியை அலையவிடக் கூடாது.

‘ஹார்மோன்’ என்பதற்குப் பதில் ‘இயக்குநீர்’ எழுதலாமே என்ற யோசனையை இந்த இடத்தில் ஏற்க மாட்டேன். ‘நீர்மீட்பு இயக்குநீர்’ என்றால் ஒரே தொடரில் இரண்டு நீர் வந்து, எந்த நீர் எதை மீட்கிறது என்ற மயக்கம் பிறக்கும். தவிர, குருதியில் கலந்து செல்லும் ஒரு வேதிப்பொருளை நீர் என்பதும் நெருடலே. 1905இல் ஆங்கில உடலியங்கியல் அறிஞர் எர்னசுட்டு சிடார்லிங்கு கிரேக்க வேரிலிருந்து எடுத்து வழங்கிய ‘ஹார்மோன்’ என்ற சொல்லில், தூண்டுதல் என்ற பொருள்தான் உண்டு. நீர் எதுவும் இல்லை.

இரண்டாம் வகைக்கு ‘எதிர்ப்பு’ என்று எழுதுவது எனக்கு உவப்பாயில்லை. சிறுநீரகம் எதையும் எதிர்க்கவில்லை. ‘ஏற்காமை’ என்றால் ஏற்பி என்ற சொல்லோடு இசைந்து வருகிறது. ஆனால் பிறவியிலேயே வரும் சில நேர்வுகளில் ஏற்பி செவ்வையாக இருந்து, அக்குவாபோரின்-2 மரபணுவில்தான் பிழை இருக்கும். அங்கே ஏற்பு நடக்கிறது, வேலை நடப்பதில்லை. இரண்டையும் தழுவும்படி ‘இணங்காமை’ என்று வைக்கலாம். ஆக, ‘நீர்மீட்பு ஹார்மோன் குறைவு’, ‘நீர்மீட்பு ஹார்மோனுக்கு இணங்காமை’. நீளம்தான், ஆயினும் முதல்முறை படிப்பவரும் எது இல்லை, எது நடக்கவில்லை என்று பிரித்துக்கொள்வார்.

எஞ்சியிருப்பது கருக்காலத்தில் வரும் வகை. நஞ்சுக்கொடி சுரக்கும் நொதி ஒன்று ஹார்மோனைச் சிதைத்துவிடுவதால் அது நேர்கிறது. மகப்பேற்றுக்குப் பின் தானாகவே மறையும். சுரப்பு குறையவில்லை, சிறுநீரகமும் இணங்குகிறது. எனவே மேற்சொன்ன இரண்டு பெயர்களும் அதற்குச் செவ்வையாகப் பொருந்தவில்லை. ‘கருக்கால நீர்மீட்பு ஹார்மோன் சிதைவு’ என்று எழுதலாமா, அல்லது முதல் வகையின் கீழேயே ஒரு துணைவகையாக வைப்பதுதான் மருத்துவ வழக்கிற்கு ஒத்துவருமா என்பதைப் பொள்ளாச்சி அம்மா தெரிவித்தால், நோயாளிகளுக்கான கையேட்டின் வரைவில் அந்தப் பகுதியையும் முடித்துவிடலாம்.