எங்கள் கிரீன் பின்னுக்குள் அடுத்த தெருக்காரரின் நாய்ப் பை: கேட்கலாமா, விடலாமா?

மல்வேர்ண்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் சின்னதுதான். ஆனால் ஒரு மாதமாகத் தலைக்குள் நின்று சுற்றுகிறது. மனிசிக்குச் சொன்னால் "உங்களுக்கு வேற வேலை இல்லையே" என்கிறா. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மல்வேர்ண் பக்கம் இருக்கிறோம். எங்கள் தெருவுக்கு வெள்ளிக்கிழமை குப்பை. சாப்பாட்டுக் கழிவு போடுகிற கிரீன் பின் ஒவ்வொரு கிழமையும், கார்பேஜும் (மிச்சக் குப்பை) கடதாசி, போத்தல் போடுகிற புளூ பின்னும் கிழமை மாறி மாறி. எனக்குக் காலை ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். ஆகவே வியாழன் இரவு எட்டு மணி கழிந்ததும் பின்களைத் தெருவோரம் உருட்டி விட்டுத்தான் படுப்பேன். லொறி ஒன்பது மணிபோல வந்து போய்விடும். நான் திரும்பி வர ஐந்தாகும். அந்த எட்டு மணித்தியாலமும் வெறும் பின்கள் வெளியே நிற்கும்.

மார்கழி மாதம் ஒருநாள் கிரீன் பின்னைக் கராஜுக்குள் தள்ளும்போது அடியில் ஏதோ உருண்டது. எட்டிப் பார்த்தால் நாய் மலம் கட்டின கறுப்புப் பை, இறுக்கி முடிச்சுப் போட்டது. எங்களிடம் நாய் இல்லை. சரி, யாரோ ஒருநாள் அவசரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விட்டேன். அடுத்த வெள்ளி இரண்டு பை. குளிரில் அடியோடு உறைந்து ஒட்டிப்போய், அதற்கடுத்த கிழமை லொறி கவிழ்த்துக் கொட்டியும் விழவில்லை. மாசி கடைசியில் பனி இளகினபோதுதான் கராஜ் முழுவதும் மணத்துச் சொல்லிக்கொடுத்தது. சுடுதண்ணீர் ஊற்றி, நீளத் தடியால் நான்தான் கிளறி எடுத்தேன். பிள்ளைகளின் சைக்கிள்கள் பக்கத்தில் நிற்கின்றன, அவை மேலும் தெறித்தது.

முன்கதவுக் கமெராவில் பார்த்தேன். அடுத்த தெருவில் இருக்கிற வயதான மனிதர். எழுபதைத் தாண்டியிருக்கும். கம்பளித் தொப்பி, கையில் ஒரு சின்ன மண்ணிற நாய். வெள்ளி பின்னேரம் இரண்டரை மூன்று மணிக்கு வருவார். மூடியைத் திறப்பார், பையை விடுவார், மூடியை மெதுவாக, சத்தம் வராமல் சாத்துவார். அந்த மெதுவாகச் சாத்துகிறதுதான் என்னை எரிச்சல்படுத்தியது. பிழை என்று தெரிந்து செய்கிற மாதிரி இருந்தது.

இன்னொரு நாள் வியாழன் இரவே வந்து போட்டிருக்கிறார். அன்றைக்கு மூடியின் மேலுள்ள பூட்டைத் திருப்ப மறந்துவிட்டார். விடிய நாலு மணிக்கு ராக்கூன் இரண்டு வந்து பின்னைச் சரித்து, கோழி எலும்பு, கணவாய்த் தோல், தேயிலைச் சண்டு எல்லாவற்றையும் டிரைவ்வேயில் பரப்பிவிட்டன. 2016இல் நகரசபை இந்தப் பூட்டுப் பின்களைக் கொடுக்கத் தொடங்கினதே ராக்கூனுக்குப் பயந்துதானே. பூட்டைத் திருப்பினால்தானே பூட்டு!

கேட்டுவிட்டால் முடிந்தது, தெரியும். சிக்கல் என்னவென்றால், தை மாதம் பெரிய பனி கொட்டின அன்று, பனி வழிக்கிற வண்டி எங்கள் டிரைவ்வே வாசலில் இடுப்பளவுக்குத் தள்ளிவிட்டுப் போன மேட்டை இதே மனிதர்தான் தன்னுடைய மெஷினைக் கொண்டுவந்து வெட்டி விட்டார். நான் கேட்கவும் இல்லை. நன்றி சொல்ல ஓடி வந்தேன், கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்டவரிடம் போய் நாய்ப் பையைப் பற்றி என்னவென்று கதைப்பது?

ஊரில் என் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் வேலி அரக்கின சண்டையில் பதினொரு வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். வேலிக்கு நட்ட ஒரு பூவரசங் கதியால்தான் காரணம். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அயலோடு வாயைத் திறக்கப் பயம். பின்னில் ஒரு கடதாசி எழுதி ஒட்டலாமா? அல்லது பேசாமல் விடலாமா? நாய் வைத்திருக்கிறவர்கள் உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லுங்கள்.

இரண்டுநாய்அம்மா:

அண்ணை, உண்மையைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். நானும் மற்றவர்களின் பின்னில் போடுகிறவள்தான். இரண்டு நாயும் சேர்ந்து நாற்பது நிமிடம் நடக்கும். முதல் ஐந்து நிமிடத்தில் அலுவலை முடித்துவிடும். மிச்சம் முப்பத்தைந்து நிமிடமும் ஒரு கையில் இரண்டு கயிறு, மற்றக் கையில் சூடான பை. காற்றோடு மைனஸ் பதினைந்து என்றால் யோசித்துப் பாருங்கள். பார்க் பக்கம் போனால் தொட்டி இருக்கும். வீடுகள் மட்டும் இருக்கிற தெருவில் ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். தெருவோரம் நிற்கிற பின்னில் மட்டும்தான் போடுவேன். டிரைவ்வேயில் ஒரு அடி ஏறினாலும் அது அவர்களின் வீடு. அதைவிட முக்கியம், லொறி வர முதல். பின் நிரம்பியிருக்கும்போது மேலே போட்டால் ஒரு மணித்தியாலத்தில் போய்விடும், வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. வெறும் பின்னில் போட்டால் ஒரு கிழமைக்கு அவர்களின் கராஜில் குடியிருக்கும். உங்கள் ஆள் இதைத்தான் யோசிக்கவில்லை.

ஒன்று அவருக்காகச் சொல்ல வேண்டும்: சரியான பின்னில்தான் போட்டிருக்கிறார். ரொறன்ரோவில் நாய் மலம் கிரீன் பின்னுக்குத்தான் போக வேண்டும், பம்பேர்ஸும் அப்படித்தான். பொலித்தீன் பையோடு போடலாம். டிஸ்கோ றோட்டிலும் டஃபரினிலும் இருக்கிற ஆலைகளில் முதல் வேலையே தண்ணீரோடு அடித்துக் கலக்கிப் பைகளைப் பிரித்தெடுப்பதுதான். மிச்சக் கூழைக் காற்றில்லாத தாங்கியில் புளிக்க விடுகிறார்கள். அங்கே மக்கிற பையையும் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வெளியே எடுத்துவிடுவார்கள், அதனால் விலை கூடின "கம்போஸ்டபிள்" பைக்குக் காசைக் கொட்டாதீர்கள். புளூ பின்னில் போடுகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. அது நல்ல கடதாசியையும் பழுதாக்கும்.

கடைசியாக, கோபிக்காதீர்கள், ஆடி மாதத்தில் நம்மவர்களின் கிரீன் பின்னைக் கடந்து போனால் மீன் செதிளும் நண்டுக் கோதும் மணக்கிற மணத்துக்கு என் நாய்களே மூக்கைச் சுளிக்கும்.

மல்வேர்ண்வாசி:

சிரித்துவிட்டேன் அக்கா. நண்டுக் கோது விஷயத்தில் பேச எனக்கு வாயில்லை. ஆனால் அது என் நண்டு, என் கராஜ்.

நாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் சொன்ன நேரக் கணக்கு சரியாகப் படுகிறது. லொறி வர முதல் போட்டிருந்தால் இந்தக் கேள்வியையே எழுதியிருக்க மாட்டேன்.

பிரம்ரன்பெடியன்:

கடதாசி மட்டும் ஒட்டாதீர்கள் அண்ணை! பட்டவன் சொல்கிறேன்.

போன கோடையில் இதே பிரச்சினை. நான் பெரிய எழுத்தில் "இது உங்கள் நாயின் கழிப்பறை அல்ல, கமெரா பார்க்கிறது" என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினேன். யார் போட்டதோ அவருக்கு அது போய்ச் சேரவில்லை. நாய் வைத்திருக்கிற மற்ற மூன்று வீட்டுக்காரரும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் என் மகளின் பள்ளிக்கூடப் பஸ் நிற்கிற இடத்தில் ஒவ்வொரு காலையும் என்னோடு கதைக்கிறவர். கதை நின்றுபோனது. நாலாம் நாள் அந்தக் கடதாசியின் மேலேயே ஒரு பை தொங்கியது, அழகாக முடிச்சுப் போட்டு.

இன்னொன்று, அக்கா சொன்னது ரொறன்ரோ கணக்கு. இங்கே, ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பீல் பகுதியில் பிரம்ரனிலும் மிசிசாகாவிலும் நாய் மலம் கார்பேஜுக்குத்தான் போக வேண்டும், கிரீன் பின்னில் கூடாது. எல்லை தாண்டி வீடு மாறி வருகிறவர்கள் பழைய பழக்கத்தில் பிழை விடுகிறார்கள். எங்கள் ஆளும் அப்படி வந்தவராக இருக்கலாம் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை.

எங்கிளின்றன்தெரு:

நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடித்துச் சொல்லுங்கள். வீடியோவையும் அனுப்புங்கள். எதற்கு இவ்வளவு கதை?

மல்வேர்ண்வாசி:

பனி வெட்டித் தந்த மனிதர் மேல் 311க்கு அடித்துவிட்டு நான் எந்த முகத்தோடு அடுத்த மாரிக்கு வாசலில் நிற்பது? நன்றி, வேண்டாம்.

ஓய்வுபெற்றதாதி:

தம்பி, பிள்ளைகளின் சைக்கிளில் தெறித்தது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் ஒரு சொல்.

நாய் மலத்தில் பயப்பட வேண்டியது ரொக்சொகாரா என்கிற வட்டப்புழுவின் முட்டைகள். அவை புதிதாக வந்த மலத்தில் உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து இரண்டு முதல் நான்கு கிழமையில்தான் தொற்றுகிற நிலைக்கு வரும். பிறகு அதே மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிள்ளைகள் மண்ணை அளைந்துவிட்டு விரலை வாயில் வைக்கும்போதுதான் ஆபத்து. ஆகவே புல்லில் விட்டுவிட்டுப் போகிறவரைவிட பையில் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறவர் உங்கள் பிள்ளைகளுக்கு நல்லதுதான் செய்கிறார். ஆனால் உங்கள் பின்னில் அது எத்தனையோ கிழமை கிடந்திருக்கிறது. சைக்கிளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கையையும். அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில், அதுவும் கீரைப் பாத்தியில் ஊற்றாதீர்கள். "நாய்ச் சாணி நல்ல பசளை" என்று எங்கள் பேஸ்மென்டில் இருந்த பொடியன் ஒருவன் தக்காளிக்குப் போட வெளிக்கிட்டான். மாட்டுச் சாணியும் நாய் மலமும் ஒன்றில்லை.

அப்புறம், வயதானவர் என்கிறீர்கள். கையில் பையோடு அதிக தூரம் நடக்க முடியாதவராகவும் இருக்கலாம். நேரே போய்க் கேளுங்கள். ஆனால் பையோடு நிற்கும்போது கேட்காதீர்கள். கையும் களவுமாகப் பிடித்த மாதிரிப் போய்விடும்.

மல்வேர்ண்வாசி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முடிந்துவிட்டது.

தாதி அக்கா சொன்னபடி வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தேன். ஞாயிறு காலை அவர் வீட்டு வாசலில் இலை கூட்டிக்கொண்டு நின்றார். மனிசி சுட்ட ரோல்ஸ் ஆறு எடுத்துக்கொண்டு போனேன். "தைமாசப் பனிக்கு இப்போதுதான் நன்றி சொல்ல வருகிறேன்" என்று தொடங்கினேன். உண்மையும் அதுதான். கால் மணித்தியாலம் அவருடைய பனி மெஷினைப் பற்றியே கதைத்தோம். கார்பரேட்டரைத் தானே கழற்றிப் பூட்டுவாராம்.

பிறகு கேட்டேன்: "நீங்கள் எங்கள் பின்னில் பை போடுகிறீர்கள்தானே?" அவர் வெட்கப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "ஓம், கிரீன் பின்னில்தான் போடுகிறேன், அதுதானே சட்டம்" என்றார். லொறி போன பிறகு என்றால் வெறும் பின் என்பதால் நல்லது என்று நினைத்தாராம், மற்றவரின் குப்பைக்கு மேலே போட்டால் மூடி மூடாது என்று! அவருடைய பின் எப்போதும் வீட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் நிற்கிறது. கராஜுக்குள் வைக்கிற வீடுகளும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூடியை மெதுவாகச் சாத்தினது, எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நினைத்து. கைக்குழந்தைக்கு இப்போது ஆறு வயது.

மாசியில் நான் தடியால் கிளறின கதையைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. கராஜைக் கழுவித் தரட்டுமா என்று இரண்டு தரம் கேட்டார். எனக்குத்தான் அந்தரமாகப் போய்விட்டது. இனிமேல் வெள்ளி காலை ஏழுக்கு முதல் போடுவதாகவும், போட்டால் பூட்டைத் திருப்புவதாகவும் பேச்சு. பின்னேர நடைக்கு அவருடைய பின்தான்.

போன வெள்ளி கமெராவில் பார்த்தேன். காலை ஆறு ஐம்பதுக்கு வந்தார். போட்டார். பூட்டைத் திருப்பினார். திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டுநாய்அம்மா:

ரோல்ஸுக்கு என்ன நடந்தது? நாய்க்கு என்ன பெயர்?

மல்வேர்ண்வாசி:

இரண்டு ரோல்ஸை வாசலிலேயே நின்று சாப்பிட்டார், உறைப்பு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு. நாயின் பெயர் பெப்பர். அவருடைய பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.