முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் புல்லட்: எதில் கவனம் தேவை?

கேள்வி:
எனக்கு வயது 58. 1988 முதல் 1995 வரை திருச்சியில் பழைய புல்லட் ஒன்றை ஓட்டினேன். ஆம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் கருவி) முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, என்ஜினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்தபடி கிக்கரைச் சற்றே இறக்கி, பிறகு ஒரே உதையில் வண்டியைக் கிளப்புவது அன்றைக்குப் பெரிய பெருமை. மகள் பிறந்ததும் கார் வந்தது, புல்லட்டை விற்றுவிட்டேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்க எண்ணுகிறேன். ஒருமுறை பழகியது மறக்காது என்கிறார்கள் நண்பர்கள். என் மனைவிக்கு அதில் நம்பிக்கையில்லை. இவ்வளவு இடைவெளிக்குப் பின் திரும்பியவர்கள் முதலில் எதில் தடுமாறினீர்கள்?

பதில் 1:
ஐயா, நான் 61 வயதில் திரும்பியவன். கால் எதையும் மறக்கவில்லை என்பதே எனக்குச் சிக்கலாக இருந்தது. நம் பழைய புல்லட்டில் வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இப்போது எல்லாமே தலைகீழ். வாங்கிய முதல் வாரம், பேருந்து ஒன்றைப் பின்தொடர்ந்து இரண்டாம் கியரில் போனபோது, மூன்றாவது போடுவதாக நினைத்து வலக்காலை அழுத்தினேன். அது பின் பிரேக். வண்டி குலுங்கி நின்றது, பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது. நிதானமாக ஓட்டும்போது இந்தத் தவறு வராது. நாய் குறுக்கே ஓடும் கணத்தில்தான் கால் முப்பது ஆண்டு பின்னால் போய்விடும். ஆகவே ஆளில்லாத மைதானத்தில், யாரையாவது திடீரென்று கைதட்டச் சொல்லி, தட்டியதும் வண்டியை நிறுத்திப் பழகுங்கள். நான் இரண்டு வாரம் அப்படிச் செய்தேன்.

இன்னொன்று முன் பிரேக். டிரம் பிரேக் காலத்தில் நாம் பின் பிரேக்கையே நம்பினோம். இன்று நிறுத்தும் வலு பெரும்பாலும் முன் டிஸ்க்கில் இருக்கிறது. இரண்டு விரலால் படிப்படியாக அழுத்தினால் போதும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது மெதுவான வேகத்தில் அதை வெடுக்கென்று பிடித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் வண்டி சாய்ந்துவிடும்.

பதில் 2:
உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். கார் ஓட்டும் அனுமதி மட்டும் போதாது. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான பிரிவும் அதில் இருக்க வேண்டும். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடியும் ஓட்டிக்காட்ட வேண்டியிருக்கும். 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஐந்தாண்டுக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள்.

பதில் 3:
கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. ஓடும்போது தெரியாது, சரிவில் முன்பக்கமாக நிறுத்திவிட்டுப் பின்னுக்குத் தள்ளும்போது முழங்கால் சொல்லும். வாங்குமுன் ஷோரூம் வாசலில் அதைத் தள்ளிப் பாருங்கள். அலமாரியில் பழைய தலைக்கவசம் இருந்தால் அதை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் தெர்மகோல் இத்தனை ஆண்டில் வலுவிழந்திருக்கும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. உரிமத்தில் இரண்டு பிரிவுகளும் இருக்கின்றன. நேற்று நண்பரின் வண்டியை நிறுத்திய நிலையிலேயே ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு 'பிரேக்' என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பத்து முறையில் ஆறு முறை இடக்கால்தான் அழுந்தியது. ஞாயிறு காலை மைதானத்தில் கைதட்ட மனைவி வருகிறார்.