படிக்கச் சொல்லாமலே படிக்க வைத்த ஆசிரியர்கள்: உங்கள் அனுபவம்?

ஜன்னலோரம்:
இயற்பியல் சார். அன்றைக்கு அவருடைய வகுப்பே கிடையாது, வராத ஆசிரியருக்குப் பதிலாக வந்திருந்தார். "சத்தம் போடாம ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, தாள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எங்களுக்குச் செய்தி. "என்ன சார்?" என்று முன் பெஞ்சில் ஒருவன் கேட்டான். "ஒண்ணுமில்ல, உங்க வேலையப் பாருங்க." அவ்வளவுதான், மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டார். கதை சொல்லவில்லை, பேர் சொல்லவில்லை. அட்டைக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. நகைச்சுவை என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கிவிடுகிறேன், அதுவாக இருக்குமோ என்று. எதுவும் என்னை அந்த அளவுக்குச் சிரிக்க வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

நிலாமுற்றம்:
எங்கள் டீச்சர் பாடம் சீக்கிரம் முடிந்தால் ஒரு நாவலைச் சத்தமாக வாசிப்பார். பரீட்சைக்குச் சம்பந்தமே இல்லாதது. நாய் செத்துப்போகிற இடம் வந்தது. பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார், முடியவில்லை. புத்தகத்தை என் கையில் கொடுத்து "நீ படிம்மா" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மீதியை நான்தான் படித்தேன். எனக்கு அதில் என்ன உறுத்தல் என்றால், அந்தப் புத்தகம் ஓரமெல்லாம் நைந்து, முதுகு பிய்ந்து கிடந்தது. எத்தனையோ தடவை படித்திருக்கிறார். நாய் சாகும் என்று எங்களுக்குத்தான் தெரியாது, அவருக்குத் தெரியும். தெரிந்த முடிவுக்கு ஒருத்தர் ஏன் அழ வேண்டும்?

கடைசிபெஞ்ச்:
எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கெடுக்கிறேன். எங்கள் வகுப்பாசிரியரைப் போலப் படித்தவரை நான் பார்த்ததே இல்லை. கை நிறையப் புத்தகத்தோடுதான் வருவார். ஒருநாள் என் பையிலிருந்து ஒரு துப்பறியும் நாவலை எடுத்தார். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கி, வகுப்புக்கே காட்டினார். "இதெல்லாம் புத்தகமா?" எல்லாரும் சிரித்தார்கள். கதையில் கொலைகாரன் யார் என்று தெரிய இன்னும் கொஞ்சம் பக்கங்கள்தான் பாக்கி. திருப்பித் தரவே இல்லை. அதற்கப்புறம் கல்லூரி முடியும்வரை பாடப்புத்தகம் தவிர எதையும் தொடவில்லை. அவருக்கும் வாசிப்பின்மேல் காதல்தான், ஜன்னலோரம். உங்கள் சாருடைய காதலைவிடப் பத்து மடங்கு அதிகம். அதனால் எனக்கு என்ன ஆயிற்று?

சாக்பீஸ்தூள்:
@கடைசிபெஞ்ச், நான் ஆசிரியர், அதனால் சொல்கிறேன். என் கதை சின்னது. என்ன படிக்கிறேன் என்று பையன்கள் கேட்டார்கள் என்பதற்காக, மேஜைமேல் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை வெளியே தெரிகிற மாதிரி வைக்க ஆரம்பித்தேன். ஒரு பையன் தினமும் வந்து புத்தகக்குறி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பான். நகராத நாளில் "என்ன மிஸ், நேத்து படிக்கலையா?" என்று கேட்பான். அவ்வளவுதான்.

ஆனால் ஆசிரியர்கள் இங்கே இருந்தால் சிலது கவனியுங்கள். முதலில், நாமே படிக்கிறோமா? 2008-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் 1200 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம், தெரிந்த கவிஞர்களின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். 22 சதவீதம் பேரால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. கையில் இல்லாததை எப்படிக் கொடுப்பது? அப்புறம், மௌன வாசிப்பு வேளை. 1960-களில் அமெரிக்காவில் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் லைமன் ஹன்ட் இதைப் பரப்பினார். வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில், தங்களுக்குப் பிடித்ததைச் சத்தமில்லாமல் படிக்க வேண்டும், ஆசிரியரும் படிக்க வேண்டும். நம்மவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தினால், "படிப்பு உங்களுக்கு, வேலை எனக்கு" என்று சொன்ன மாதிரிதான். மூன்றாவது, தயவுசெய்து பரிசு வைக்காதீர்கள். 1973-ல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரையப் பிடித்த சின்னப் பிள்ளைகளிடம் செய்த சோதனை பிரபலம். வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பின்னால் சும்மா விட்டபோது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல், வரைந்த பிறகு சான்றிதழ் கொடுத்த பிள்ளைகளிடம் அந்தச் சரிவு இல்லை. "அதிகம் படித்த மாணவர்" கோப்பை கொடுக்கிற பள்ளிகள் யோசிக்கலாம். நான்காவது, படித்ததற்குச் சுருக்கம் எழுதி வா என்று கேட்காதீர்கள். ஐந்தாவது...

வேலைநாள்:
மிஸ், ஐந்தாவது வேண்டாம். இங்கே யாரும் வழிமுறை கேட்கவில்லை, அனுபவம்தான் கேட்டார்கள். நானும் ஆசிரியர்தான். பதிவேடு, திருத்தல், கூட்டம் எல்லாம் முடித்து வீட்டுக்குப் போனால் எழுத்தைப் பார்த்தாலே கண் எரிகிறது. அந்த 22 சதவீதத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் அவர்களுக்கு நேரம் இருந்ததா என்று யாராவது கேட்டார்களா? மௌன வாசிப்புக்கும் அவ்வளவு கொடி பிடிக்க வேண்டாம். 2000-ல் வந்த அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, அதனால் வாசிப்புத் திறன் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றுதான் சொன்னது.

சாக்பீஸ்தூள்:
போதிய சான்று இல்லை என்றார்கள், பயன் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல. மற்றபடி, நேரம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அந்த வேளையில் நாமும் படிக்கலாம் என்கிறேன்.

அரைப்புள்ளி:
சண்டைக்கு நடுவே என்னுடையது. கணக்கு வாத்தியார், வரலாற்றுப் புத்தகங்களாகப் படிப்பார். ஒன்று இரவல் கேட்டேன், கொடுத்தார். பாதியில் ஒரு பத்தி முழுக்கப் பென்சிலால் அடைத்து, ஓரத்தில் "பொய்" என்று எழுதியிருந்தார். எனக்குப் பகீரென்றது. அச்சில் வந்தது பொய்யாக இருக்கலாம் என்பதே அதுவரை தோன்றியதில்லை. அதுவும் அதைப் பென்சிலால் சொல்லலாமாம். அந்தப் பத்தியை எத்தனை முறை படித்தாலும் எது பொய் என்று புரியவில்லை. கடைசியில் துணிந்து, அவர் எழுதியதற்குக் கீழே சின்னதாக "ஏன்?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த புத்தகத்தைக் கொடுத்தபோது உள்ளே ஒரு சீவிய பென்சில் இருந்தது. என் கேள்விக்குப் பதில் மட்டும் கடைசிவரை வரவில்லை.

கடைசிபெஞ்ச்:
இவர் எனக்குக் கிடைத்திருந்தால் அந்தத் துப்பறியும் நாவலின் ஓரத்தில் "தோட்டக்காரன்மேல்தான் சந்தேகம்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருப்பார்.

தேதிமுத்திரை:
பள்ளி நூலகர் பேசுகிறேன். சொந்தப் புத்தகத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நூலகப் புத்தகத்தில் வேண்டாம், அழித்து அழித்து எங்கள் கை ஓய்கிறது. முன்பெல்லாம் எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு உறை, அதில் ஒரு அட்டை. எடுத்தவர் பேரும் தேதியும் அதில் இருக்கும். ஒரு வேதியியல் ஆசிரியர் தொடர்ந்து வருவார். ஒருநாள் ஒரு பெண் அலமாரி அலமாரியாகப் புத்தகங்களை உருவி, கதையைப் புரட்டாமல் பின்னட்டையை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். "சார் கையெழுத்து இருக்கிறதை மட்டும் எடுக்கிறேன்" என்றாள். அவள் எடுத்ததில் பாதி அவள் வயதுக்குத் தாங்காதது. தடுக்கலாமா என்று யோசித்தேன், முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது பார்கோடு வந்துவிட்டது. யார் எதை எடுத்தார்கள் என்று எனக்கும் கணினிக்கும்தான் தெரியும். அது நல்லதுதான், ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவர் சொந்த விஷயம். ஆனால் ஆசிரியர்கள் அனுமதித்தால் அவர்கள் எடுத்ததை மட்டுமாவது ஒரு பலகையில் எழுதிப் போடலாமா என்று பார்க்கிறேன். எங்காவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வேலைநாள் சார் மாதிரி "என் பேர் வேண்டாம்" என்பவர்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்றும்.