ஏரோதியாளின் முதல் கணவர் யார், ஏரோதா பிலிப்பா?

பழைய ஏடு:
முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிய யூதர் வரலாற்றில் 18ஆம் நூலில் சிக்கி நிற்கிறேன். பைபிளில் மாற்கு நற்செய்தி 6:17இல் ஏரோதியாள் ‘பிலிப்புவின் மனைவி’. ஜோசபஸோ அவளுடைய முதல் கணவர் பெயர் ஏரோது என்கிறார், போதாக்குறைக்கு பிலிப்பு என்பவர் அவள் மகள் சலோமேயைக் கட்டியவர் என்கிறார். வம்சப்படம் வரைந்து பார்த்தேன், அப்பா யூதேயாவின் அரசர் பெரிய ஏரோது, மகன்களில் இரண்டு ஏரோது, அப்பாவின் மனைவிகளில் இரண்டு மரியாம்னே. யாரை நம்புவது?

நாணயம் தேடி:
பெயரை விட்டுவிட்டுத் தாயைப் பாருங்கள். ஜோசபஸ் சொல்லும் அந்த ஏரோது, பிரதான ஆசாரியர் சீமோனுடைய மகள் மரியாம்னேக்குப் பிறந்தவர். சலோமேயைக் கட்டிய பிலிப்பு காற்பங்கு தேசாதிபதி, அதாவது நாட்டின் ஒரு பகுதியை ஆண்டவர்; அவருடைய தாய் எருசலேமைச் சேர்ந்த கிளெயோபாத்திரா. ஆக இவர்கள் இரண்டு ஆட்கள். ‘ஏரோது பிலிப்பு’ என்று சில புத்தகங்களில் வருவது இரண்டு நூல்களையும் ஒத்துப்போகச் செய்யப் பின்னாளில் ஒட்டிய பெயர், முதல் கணவரைப் பழைய நூல் எதுவும் அப்படி அழைக்கவில்லை. என்னைக் கேட்டால் இந்தக் குடும்ப விஷயத்தில் ஜோசபஸ் பக்கம்தான் சாய்வேன், யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார் என்று அவ்வளவு விவரமாகச் சொல்கிறார்.

இன்னொன்று, சில சமயம் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பதும் உண்டு. ஏரோதுக்கு முந்திய யூத அரசர் அலெக்சாண்டர் யன்னாய் வெளியிட்ட காசு ஒன்றில் ஒரு பக்கம் கிரேக்கத்தில் ‘அலெக்சாண்டர் அரசர்’, மறுபக்கம் எபிரேயத்தில் ‘யோனத்தான் அரசர்’. காசு கிடைக்காமல் போயிருந்தால் இரண்டு அரசர்கள் என்றுகூட யாராவது எழுதியிருப்பார்கள்.

ஓரக்குறிப்பு:
அந்தக் காலத்தில் புழங்கிய பெயர்களே கொஞ்சம்தான், ஆண் என்றால் சீமோன், யோசேப்பு, பெண் என்றால் மரியாள், சலோமே. ஜோசபஸின் அதே வரலாற்றில் 20ஆம் நூலில் கி.பி. 62 நிகழ்ச்சியைப் பாருங்கள், ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு’ கொல்லப்படுகிறார், சில வரிகள் தள்ளி பிரதான ஆசாரியராக வருகிறவர் தம்னேயுவின் மகன் இயேசு. அந்த அடைமொழியும் அப்பா பெயரும் இல்லாவிட்டால் இரண்டு இயேசுவையும் பிரிக்கவே முடியாது. நான் படிக்கும்போது அப்பா பெயரை வட்டமிட்டுக்கொண்டே போவேன்.

பழைய ஏடு:
சரி, தாயார் வழியாக மறுபடி வரைந்தேன், ஏரோதியாள் இப்போது சரியான கட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், சலோமேயும் இரண்டு பேர் போலிருக்கிறதே, பெரிய ஏரோதின் தங்கை ஒருத்தி, இந்த மகள் ஒருத்தி?

நாணயம் தேடி:
ஆமாம், தங்கைதான் மூத்தவள். இந்தச் சின்னவள் அவளுக்குக் கொள்ளுப்பேத்தி முறை, ஏனென்றால் ஏரோதியாளின் அம்மா பெரெனிகே அந்தத் தங்கையின் மகள்.