ஸ்டீம் பைப்புல ஆவிக்குப் பதிலா தண்ணி கொட்டுது: டூ குரூப் எஸ்பிரசோ மெஷின்

முத்துநகர்க்காரன்:

தூத்துக்குடியில பேக்கரி வச்சிருக்கேன். டிகாக்‌ஷன் காபிக்குப் பித்தளை பில்டர் தனியா ஓடுது, அதுல ஒரு தொந்தரவும் இல்ல. கப்புச்சினோ கேக்குற காலேஜ் பிள்ளைகளுக்காக, சென்னையில மூடின ஒரு கடையில இருந்து பழைய இத்தாலி மெஷின் ஒண்ணு எடுத்துப் போட்டேன். டூ குரூப் (காபி இறங்குற தலை ரெண்டு), ஒரே பாயிலர், பம்ப் உள்ளேயே இருக்கு.

எங்க போர் தண்ணி எப்படின்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் வச்சா 1,100 காட்டும். தண்ணியைச் சுட வைக்கிற எலிமெண்ட்டுல உப்பு கட்டி அதை மாத்தவும் செஞ்சாச்சு. அதனால பொங்கலுக்கு அப்புறம் ஆர்ஓ போட்டு, 20 லிட்டர் கேன்ல பிடிச்சு, அதுல இருந்து மெஷினே இழுத்துக்கிற மாதிரி வச்சேன். ஆர்ஓ தண்ணி 22 காட்டுது.

இப்ப என்னன்னா, பால் நுரைக்க ஸ்டீமைத் திறந்தா கொதி தண்ணியா சீறுது. பம்ப் சத்தம் நிக்க மாட்டேங்குது. பாயிலர் பிரஷர் முள்ளு எப்பவும் 1.1 பார்ல நிக்கும், இப்ப அரைக்குக் கீழ இறங்கிருது. கொஞ்ச நேரத்துல பட்டன் லைட்டெல்லாம் மினுக்கி மெஷின் நின்னுருது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடியும் அதே கூத்து. முன்னாடி இருக்குற கண்ணாடிக் குழாய்ல தண்ணி உச்சி வரைக்கும் நிக்கி.

வந்து பார்த்தவரு கன்ட்ரோல் போர்டு போயிட்டு, 18,000 ஆகும்னு சொல்லுதாரு. போர்டுதானா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மதுரை ஸ்டீம்:

பாயிலருக்குத் தண்ணி விடுற சாலினாய்டு வால்வு (கரண்டுல திறந்து மூடுறது) லீக் அண்ணே. உள்ள உப்புக்கல்லு மாட்டியிருக்கும். கழட்டிக் கழுவுங்க, சரியாயிரும்.

கோவை ஸ்பேனர்:

வால்வா இருக்காதுங்க. வால்வு ஒழுகினா பாயிலர் ரொம்பும், ஆனா பம்ப் தானா ஓடாது. காபி போடும்போது மட்டும் பம்ப் ஓடும், அப்ப கொஞ்சம் கொஞ்சமா மட்டம் ஏறும். பாயிலருக்கு உள்ள காபித் தண்ணி சூடாகிப் போற எக்ஸ்சேஞ்சர் குழாய்ல ஊசி ஓட்டை விழுந்தாலும் அதே மாதிரிதான். உங்களுக்குப் பம்ப் நிக்காம ஓடுதுன்னா, போர்டே தண்ணி வேணும் தண்ணி வேணும்னு கேக்குதுன்னு அர்த்தம். ரொம்பின பாயிலர் காலியா இருக்குன்னு அது ஏன் நினைக்குதுங்கறதுதான் கேள்வி.

பாயிலர் தலையில ஒரு கம்பி இறங்கும், லெவல் ப்ரோப். தண்ணி அதோட நுனியைத் தொட்டதும், தண்ணி வழியா ஒரு சின்னக் கரண்டு பாயிலர் உடம்புக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் போர்டு பம்ப்பை நிறுத்தும். தண்ணியில உப்பு இருந்தாத்தான் கரண்டு போகும். நீங்க 1,100-ல இருந்து ஒரே அடியா 22-க்கு இறக்கிட்டீங்க. அதுவும் பழைய போர் தண்ணியில ப்ரோப் மேல சுண்ணாம்பு ஓடு கட்டியிருக்கும். உப்புத் தண்ணி அந்த ஓட்டுக்குள்ள ஊறிக் கரண்டைக் கடத்திடுச்சு, ஆர்ஓ தண்ணியால முடியல. போர்டு குருடாகிப் போய் ஊத்திக்கிட்டே இருக்குது. ரொம்ப நேரம் ஊத்தியும் பதில் வரலேன்னா லைட்டை மினுக்கி நிறுத்திக்கும், அது பாதுகாப்புக்கு வச்சது. முள்ளு இறங்கறது பச்சைத் தண்ணி உள்ள போறதால. எலிமெண்ட் நல்லாத்தான் இருக்கும்.

போர்டு வாங்கறதுக்கு முன்னால இதைச் செஞ்சு பாருங்க. மெயினை ஆஃப் பண்ணுங்க. உள்ள பிரஷர் இருக்கும்போதே வெந்நீர்க் குழாயைத் திறந்தா அந்த பிரஷரே தண்ணியைத் தள்ளிடும், கண்ணாடியில பாதி வர்ற வரைக்கும் விடுங்க. அப்புறம் ஸ்டீமைத் திறந்து முள்ளு பூஜ்யத்துக்கு வரட்டும், நல்லா ஆறட்டும். 1 பார்ல உள்ள இருக்குற தண்ணி 120 டிகிரிங்க. ஆறாம எந்த நட்டையும் தொட வேண்டாம்.

மெயின் ஆஃப்ல இருக்கும்போதே ப்ரோப் ஒயரைக் கழட்டி, ஒரு கிளிப் ஒயரால பாயிலர் உடம்போட சேருங்க. இப்ப ஆன் பண்ணுங்க. பம்ப் ஓடாம அமைதியா இருந்தா போர்டு நல்லா இருக்குது, 18,000 மிச்சம். அப்பவும் ஓடினா ஒயர், இல்லேன்னா போர்டு. பார்த்ததும் கிளிப்பை எடுத்துடுங்க. மறந்து விட்டா பாயிலர் வத்தினாலும் போர்டுக்குத் தெரியாது, எலிமெண்ட் எரிஞ்சு போகும்.

அடுத்தது, கேன் தண்ணியில 2 கிராம் சமையல் சோடா போடுங்க, அரை டீஸ்பூனுக்கும் குறைவு. 20 லிட்டருக்கு அது டிடிஎஸ்ஸை 100 அளவு ஏத்தும், சுண்ணாம்பு ஓடும் கட்டாது. பாயிலர்ல இருக்குற பழைய தண்ணியைப் பாதி எடுத்துட்டு இதை ஏத்தினாத்தான் பலன் தெரியும். இது சோதனைக்கு மட்டும், இதுல காபி போட்டுக் குடுத்துடாதீங்க.

மதுரை ஸ்டீம்:

அப்ப ஆர்ஓல கொஞ்சம் போர் தண்ணியைக் கலந்து விட்டாப் போதுமே. பத்துக்கு ஒண்ணு.

ஏற்காடு கடை:

கணக்குக்குச் சரிதான், ஆனா தூத்துக்குடி போர் தண்ணி வேண்டாம். கடலோரத் தண்ணியில குளோரைடு தூக்கலா இருக்கும், அது செம்பையும் ஸ்டெயின்லெஸையும் அரிக்கும். ஓடு கட்டினா உரசி எடுக்கலாம், அரிச்ச பாயிலரை என்ன பண்றது? உங்க ஊருக்கு வல்லநாட்டுல இருந்து தாமிரபரணித் தண்ணி வருதில்ல, அதைக் கலங்க. காபிக்கு டிடிஎஸ் 150 பக்கம் இருக்கணும், 75-ல இருந்து 250 வரைக்கும் பரவாயில்லன்னு ஸ்பெஷாலிட்டி காபி சங்கத்துக்காரங்க அளவு வச்சிருக்காங்க. 22-ல காபி ருசியும் தட்டையாத்தான் இருக்கும். உங்க காலேஜ் பிள்ளைங்க சொல்லலியா?

முத்துநகர்க்காரன்:

கோவை அண்ணே, கிளிப் போட்டதும் பம்ப் கப்சிப். அப்புறம் ப்ரோப்பைக் கழட்டினா, சுண்ணாம்புக் குச்சி மாதிரி இருந்துச்சு. எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசல்ல ராத்திரி ஊறப்போட்டுத் தேச்சேன். மாட்டிட்டு 22 தண்ணியிலேயே ஓட்டினா ஒருசமயம் நிக்கி, ஒருசமயம் நிக்க மாட்டேங்கு. கார்ப்பரேஷன் தண்ணி மீட்டர்ல 180. பாதிக்குப் பாதி கலந்தா 101 வருது. அதுல சரியா நிக்கி, முள்ளும் 1.1-க்கு வந்துட்டு. இனி பாயிலருக்குள்ளேயும் எலுமிச்சை உப்பு விட்டு அலசிரலாமா?

கோவை ஸ்பேனர்:

ப்ரோப்பைப் பழைய ஆழத்துக்கே இறக்கினீங்களான்னு பாருங்க. தண்ணி மட்டத்தை அந்த ஆழம்தான் முடிவு பண்ணுது, மேல தூக்கி நின்னா மறுபடி ஸ்டீம் ஈரமா வரும்.

பாயிலரை மெஷின்லயே வச்சு அலச வேண்டாம். உங்க தண்ணிக்கு உள்ள பாளம் பாளமா இருக்கும், பாதி கரைஞ்சு உதிர்ந்து வால்வுலயும் குரூப்போட ஜெட்டுங்கற சின்ன ஓட்டையிலயும் போய் அடைக்கும். எலிமெண்ட் மாத்தினப்ப உள்ள பார்த்திருப்பீங்களே? அடுத்த தடவை அதைக் கழட்டும்போது பாயிலரைத் தனியா எடுத்துச் சுத்தம் பண்ணிக்கலாம். சில போர்டுல ப்ரோப் உணர்திறனைக் கூட்ட ஒரு ஜம்பர் (மாத்திக் குத்துற சின்ன பின்) இருக்கும். மாடல் தட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்க, உங்களதுல இருக்குதான்னு பார்த்துச் சொல்றேன்.

முத்துநகர்க்காரன்:

ஆழம் மார்க்கர்ல கோடு போட்டுத்தான் கழட்டினேன் அண்ணே. போட்டோ நாளைக்குப் போடுதேன். போர்டு ஆர்டர் பண்ணச் சொன்னவருக்கு என்ன சொல்ல?

கோவை ஸ்பேனர்:

வந்து பார்த்ததுக்கு விசிட்டிங் சார்ஜைக் குடுத்துடுங்க. போர்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா இன்னைக்கே போன் பண்ணுங்க.